நாளை பத்து மணிக்குக் கல்யாணம்

அந்தக் கம்பிச் சுருளைக் கீழே வை, கோச்சா.
சட்டி தேய்க்க வாங்கியது அது.
போன கோடையில் உன் மச்சான் தேய்த்த தேய்ப்பு
இடது விளக்கு வளையத்தில் இன்னும் இருக்கிறது,
வெயில் பட்டால் சிலந்தி வலை மாதிரி.

முதலில் தண்ணீர். நிறைய.
ரியோனிக் கரைப் புழுதி வழிந்து இறங்கட்டும்.
மணல் இருக்கும்போது தொட்டால்
பஞ்சுத் துணியும் உப்புத்தாள்தான்.
வெந்நீர் வேண்டாம், கை விறைத்தாலும் சரி.
அறுபத்தொன்றில் செய்த கண்ணாடி,
திடீர்ச் சூடு தாங்காது.

லிண்டன் மரத்தடியில் நிறுத்தாதே என்று
எத்தனை தடவை சொல்வது!
பிசின் புள்ளிமேல் ஸ்பிரிட் துணியைப் போட்டுவிட்டு
ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வா.
தெருமுனைக்குப் போய்ப் பிடி, மடையா.
ஊறினால் அதுவே இளகும்.

ரிப்பன் டேப்பின் பசைக்குச் சூரியகாந்தி எண்ணெய்.
குழாய்நீர் காய்ந்த வெள்ளை வட்டத்துக்கு வினிகர்;
குரோமில் சிந்தினால் உடனே கழுவு.
போகவில்லையா, நகத்தை ஓட்டிப் பார்.
மேடு தட்டினால் கறை.
பள்ளம் தட்டினால் காயம்,
அதை விட்டுவிடு.

பம்பர் துருவுக்கு உன் சாக்லேட்டின் வெள்ளித்தாள்,
நனைத்து, மெல்ல.
குரோமைவிட மெத்தனவு அது,
துருவை மட்டும் தின்னும்.
பார், மானட்டின் முகப்பு மானுக்கு
மூக்கு வந்துவிட்டது.

ஆனால் பின்கதவுக் கண்ணாடியில்
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல்.
சோப்பு, வினிகர், ஸ்பிரிட்,
என் இரண்டு நகங்கள், அரை மணி நேரம்.
அசையவில்லை.
இனி நானே கம்பிச் சுருளை எடுப்பேனோ என்ற வேளையில்
ரேடியோவை முறுக்க நீ உள்ளே ஏறினாய்,
உன் முழங்கை பட்டு
மங்கலின் நடுவே ஒரு கோடு விழுந்தது.

உள்பக்கம்.

போன சனிக்கிழமைப் பெண்
மலைக்கோயிலிலிருந்து இறங்கும் வழியெல்லாம்
நெற்றியை அங்கேதான் சாய்த்திருந்தாள்.
தூக்கமோ என்னவோ.
பக்கத்தில் எல்லோரும் பாடினார்கள்,
நான் வளைவுகளைப் பார்த்து ஓட்டினேன்.

வாயால் ஒரு ஊதல்,
பழைய தலையணை உறையின் மூலையால் ஒரு துடைப்பு.
பவுடர், கொஞ்சம் தலைத் தைலம்.
அவ்வளவுதான்.

நாளைப் பெண் நல்ல உயரமாம்.
முன்னிருக்கையை ஒரு பல் முன்னால் தள்ளு,
எனக்கு முட்டி இடிக்கும்,
பரவாயில்லை.