யூன் மாத அறிவித்தல்

சிறுவர் விடுதி நூலகத்துக்குப் புதிதாக வந்தவை:
சித்திரக்கதைகள் பத்தொன்பது,
பக்கம் கூடிய கதைப்புத்தகம் ஆறு,
பிறெயிலில் ஒன்று. அதை இன்னும் ஒருவரும் கேட்கவில்லை,
தூசி பிடிக்காமல் துடைத்து வைத்திருக்கிறேன்.
தந்தவர் பெயர் போடவேண்டாம் என்றார்.
அவருடைய மகன் ஏழாம் கட்டிலில் இருந்தவன்.
அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

றொலியின் முன்சில்லு திருத்தியாயிற்று.
இனிக் கிறீச்சிடாது.
சத்தமில்லாமல் நான் வருவது
பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை;
ஊசி வண்டியும் அப்படித்தானாம் வரும்.
ஆகவே கைபிடியில் ஒரு சைக்கிள் மணி.
(மத்தியானம் ஒன்று தொடக்கம் மூன்று வரை அடிக்கப்படமாட்டாது.)

தனியறைக்குள் போகிற புத்தகம்
திரும்பி வராது. கிருமிச் சட்டம்.
கொப்பளிப்பான் போட்ட பெடியன்
இதைக் கேள்விப்பட்ட உடனே மூன்று கேட்டான்.
இரண்டு கொடுத்தேன்.

பெற்றோருக்கு:
இலவசத் துண்டுப்பிரசுரங்கள் வாசல் மேசையில்.
இழுப்புக் குழலைப் பிடிக்கும் விதம், தமிழில் உண்டு.
காய்ச்சல் வலிப்பு, தமிழில் உண்டு.
சிறுநீரகம் மட்டும்
கொழும்பிலிருந்து வந்தது ஆங்கிலத்திலும் சிங்களத்திலும்.
தமிழ் அடுத்த பொதியில் வரும் என்றார்கள்,
தை மாதத்தில்.

இரவு நானே இருந்து எழுதினேன்.
வீக்கம், இலகு. புரதம், இலகு.
ஒரு சொல்லுக்கு 'நாட்பட்ட' என்று போட்டேன்,
அகராதியும் அப்படித்தான் சொன்னது.

பாஷையூர் பெனடிக்ற் அண்ணை
தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார்.
'உப்பைக் குறைக்கவும்' என்ற வரியில் சிரித்தார்.
'கருவாட்டுக்கு ஆர் சொல்லுறது?'
பிறகு விரல் ஓரிடத்தில் நின்றது.
'நாட்பட்டதெண்டு
பழுதாப்போன மீனைத்தான் நாங்கள் சொல்லுறது, மிஸ்.'

உள்ளே ரெமிலா
வீங்கிய இமைகளின் இடுக்கால்
திமிங்கிலப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழித்தேன்.
'நீடித்த' என்று எழுதினேன்; அது கந்தோர்க் கடிதத்தில் வருகிற சொல்.
'தீராத', எழுதக் கை வரவில்லை.
டொக்டரைக் கேட்டேன்.
அவர் ஆங்கிலத்தில் விளக்கினார்.
கடைசியில் பெனடிக்ற் அண்ணையிடமே போனேன்.
யன்னலுக்கு வெளியே
வேப்பங்கிளை வடக்கே சாய்ந்து சாய்ந்து நின்றது.
கனநேரம் அதையே பார்த்தார்.

'சோளகம் மாதிரியெண்டு போடுங்கோ.
வரும், அடிக்கும், படுக்கும், திரும்ப வரும்.
அதுக்காக ஆரும் தொழிலை விடுறேல்லை.
வலையைத்தான் வேறமாதிரி வளைக்கிறது.'

சோளகம் மருத்துவச் சொல் இல்லை என்று
நிபுணர் சிவப்பு மையால் கீறினார்.
கீறியபின் பேனையை மூடாமல் இருந்தார்.
பக்கத்தில் சின்னதாய் 'இருக்கட்டும்'.
பிரதி எடுத்தது அறுபது.
மிச்சம் பதினொன்று.

வேறு:
திமிங்கிலப் புத்தகம் காணவில்லை.
எடுத்தவர் தயவுசெய்து திருப்பித் தரவும்.
ரெமிலா, இது உனக்கில்லை.
நீ அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுவந்தால் போதும்.
வரத் தேவையில்லாமல் போனால்
நீயே வைத்திரு.

போயா தினத்தில் நூலகம் பூட்டு.
றொலி நடையில்தான் நிற்கும்.
மணியை அடித்துப் பார்க்கலாம்.