கண்டக்டர், இதழ் நான்கு

உறைக்குள் கடிதம் இல்லை.
ரங்கசாமியின் மகள் எழுதிய என் விலாசம் மட்டும்.
பதினாறாம் நாள் முடிந்து
அலமாரியைக் காலி செய்திருப்பாள்.
இரண்டாக மடித்த பத்துப் பக்கம்;
பின் துருப்பிடித்து, தாளில்
பல் பட்டதுபோல் ஒரு பழுப்பு.

கண்டக்டர். ஜூலை எண்பத்தைந்து. விலை இருபது சென்ட்.
சில்லறை சரியாகக் கொடுக்கவும்.

சாட்ஸ்வொர்த்தில் அப்போது
எந்தக் கச்சேரியும் ஒன்பதே முக்காலுக்குள் முடிந்தாக வேண்டும்.
யூனிட் ஏழுக்குப் போகும் கடைசி வண்டி பத்து மணிக்கு.
அதனால்தான் குழுவின் பெயர் லாஸ்ட் பஸ்,
அதனால்தான் எங்கள் பத்திரிகை கண்டக்டர்.
இந்த நகைச்சுவையை பூபாலன்
நான்கு இதழிலும் விளக்கியிருக்கிறான்.

தட்டச்சு அவன். மெழுகுத்தாள்
பள்ளி அலுவலகத்தில் எடுத்தது
(எடுத்தது என்றே இன்றும் சொல்கிறோம்).
ரோனியோ கைப்பிடியைச் சுற்றச் சுற்ற அறுபது பிரதி,
முழங்கை வரை மை.

அட்டையில் பெயரைத் தமிழில் போட்டது என் யோசனை.
சனிக்கிழமை வகுப்பில் படித்த எழுத்து, கையில் கோணி ஊசி.
லாஸ்ட் பஸ்: மூன்று புள்ளி.
மூன்று இடத்திலும் மெழுகுத்தாள் கிழிந்து
அறுபது அட்டையிலும் மைக்குளம்.
பஸ் மேல் மழை பெய்கிறது என்று சொல்லி
விற்றுவிட்டான் பூபாலன்.

ஐந்தாம் பக்கம் ராயுடையது.
ராய் விமர்சகன்; இரக்கம் கிடையாது.
பெண் பெயரில் எழுதினால்
கிடார்காரன் மேல் ஆசை என்பார்கள் என்று
நான் ஒட்டிக்கொண்ட மீசை அவன்.
'யூனிட் மூன்று மண்டபத்தில்
ரங்கசாமியின் டிரம், பஸ்ஸைப் பிடிக்க ஓடி ஓடி
ஒவ்வொரு பாட்டிலும் தவறவிட்டது.'
பதினேழு வயதில் இந்த ஒரு வாக்கியத்துக்காக
ஒரு வாரம் எனக்குக் கால் தரையில் படவில்லை.

அந்த வாரமே ரங்கசாமி
ஹிகின்சன் ஹைவே நிறுத்தத்தில் என்னைக் கேட்டான்:
ராய் என்று ஒருத்தன், தெரியுமா?
டிரம் குச்சிகள் பையில் இல்லை, கையில் இருந்தன.
டொங்காட்டுக்குக் குடிபோய்விட்டான் என்றேன்.
டொங்காட்டில் எங்கே?
சர்க்கரை ஆலைப் பக்கம்.
ஆலைக்கு முன்னாலா, பின்னாலா?
பின்னால்.
ஒரு நாள் போய்ப் பார்க்கிறேன் என்றான், மிக மரியாதையாக.
பஸ் வந்ததும் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தான்.

ஒன்பதாம் பக்கம் வினாடி வினா.
ஆறாவது கேள்வி: லாஸ்ட் பஸ் ஒருமுறைகூட
மேடையில் வாசிக்காத அவர்களுடைய சொந்தப் பாட்டு எது?
விடைகள் அடுத்த இதழில்.
அடுத்த மாதம் வகுப்புப் புறக்கணிப்பு,
பள்ளி வாசலில் போலீஸ் வண்டி, கண்ணீர்ப்புகை,
ரோனியோ அறைக்கு இரண்டு பூட்டு.
பெர்த்தில் இருக்கும் பூபாலனை நேற்றுக் கூப்பிட்டுக் கேட்டேன்.
ஆறா? அது நீ எழுதினதுதானே, என்றான்
பாத்திரம் கழுவிக்கொண்டே.

இப்போதுதான் பார்க்கிறேன், ஐந்தாம் பக்க ஓரத்தில் பென்சில்.
'ஒவ்வொரு' அடிக்கோடிட்டிருக்கிறது.
அருகில்: மூன்றாவது பாட்டில் இல்லை.
அதற்கும் கீழே, இன்னும் சிறிதாக:
ராய். யூனிட் ஐந்து. பச்சை ரிப்பன்.

தேதி இல்லை, ரங்கசாமி.
நிறுத்தத்தில் கேட்பதற்கு முன்பு எழுதினாயா,
இல்லை இந்த நாற்பது வருடத்தில் என்றைக்கோவா?
இரண்டு நாளாக அந்தப் பேச்சை
இரண்டு விதமாகவும் நடத்திப் பார்க்கிறேன்.
ஒன்றில் நான் கெட்டிக்காரி.
மற்றதில் நீ முகம் மாறாமல் நிற்கிறாய்,
முன்னாலா பின்னாலா என்று கேட்டுக் கேட்டு
நான் ஆலையைக் கட்டி முடிக்கும் வரை.

மூன்றாவது பாட்டைப் பற்றி நீ சொல்வது சரியாகத்தான் இருக்கும்.
ராய் அப்போது வெளியே
சமோசா வாங்கிக்கொண்டிருந்தான்.