அரை மாத்திரை

"எங்கே?" என்றாள் மருந்துக்கடைப் பெண்.
இடுப்பைக் காட்டினேன்.
"எப்படி?"

குடைகிறது என்று சொல்ல வேண்டும்.
ராத்திரியில் கடுக்கிறது,
இருமினால் சுரீரென்று தொடைவரை ஓடுகிறது,
உட்கார்ந்து எழுந்தால் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.
என் பர்மியப் பேச்சில் இத்தனைக்கும் ஒரே சொல்:
நா தே.

அவளுக்கு அது போதும்.
டப்பாக்களைத் திறந்தாள்.
வெள்ளை ஒன்று, மஞ்சள் இரண்டு,
பெயர் கேட்டால் சிரித்து மழுப்புகிற ஒரு சிவப்பு.
அதை மட்டும் பிளேடால் பிளந்து
பாதியை என் பொட்டலத்தில் போட்டாள்.
டாக்டரிடம் போனால் ஒரு வாரக் கூலி.
மோல்மேனில் என்னைப் போன்றவர்களுக்கு
இந்தப் பிளேடுதான் டாக்டர்.

எனக்குப் பின்னால் ஊ சான் லுவின்,
மாடியில் இருக்கும் வீட்டுக்காரர்.
போன மாதம்தான் வாடகையை ஏற்றினார்.
லுங்கி முடிச்சுக்குப் பக்கத்தில் கையை ஊன்றி
"நா தே" என்றார்.
தாய்மொழிதான்.
அவருக்கும் அவ்வளவுதான் வந்தது.

கண்ணாடிப் பலகையில் கிடந்த மற்றப் பாதியை
அவள் விரலால் அவர் பக்கம் தள்ளினாள்.
நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அன்றிரவு கரண்ட் போன பிறகு
எனக்கு இருமல் வந்தது.
மேலே
கட்டில் கிறீச்சிட்டது.