உப்பிட்டவள்

கதவுக்கு இந்தப் பக்கம் என் வேலை.
காலை ஏழேகாலுக்கு உறை பிரிப்பேன்.
உள்ளே ஒற்றை எழுத்து:
கா, அல்லது நா.
கா என்றால் தேனீயின் நஞ்சு,
உலர்த்தி, வடித்து,
ஊசிமுனை தாங்கும் அளவுக்கு நீர்த்தது.
நா என்றால் உப்புநீர்.
இரண்டுமே பளிங்குத் தெளிவு.
ஆனாலும் குழலைச் சுற்றி நீலப் பட்டை ஒட்டுவேன்.
நெறிமுறை, பக்கம் முப்பத்தொன்று.

சின்ன ஜன்னல் வழியே தட்டை நகர்த்துவேன்.
அந்தப் பக்கம் வைத்தியர் போங் ஜே-உக்கின்
கையுறை மட்டும் தெரியும்.
எங்களுக்குள் பேச்சுக் கூடாது.
லிப்டில் அகப்பட்டுக்கொண்டால்
இருவரும் மாடி எண்களையே பார்த்து நிற்போம்
கள்ளக் காதலர்களைப் போல.

நாற்பத்தோராம் எண்.
பெயர் எனக்குத் தெரியக் கூடாது.
வரவேற்பில் அவளே உரக்கச் சொல்லிவிட்டாள்:
மா கில்-ரே,
தோங்யோங் துறைமுகத்தில் சிப்பி உடைப்பவள்.
அக்டோபரிலிருந்து மார்ச் வரை
ஈரத் தரையில் நின்று நின்று
முழங்கால் இரண்டும் துருவேறிய கீல்.
அவள் உறையில் நா.

முழங்கால் சில்லுக்குக் கீழே
கன்றின் மூக்கு என்றொரு புள்ளி.
அங்கே ஊசி இறங்கியதும்
சுவருக்கப்பால் கூச்சல்:
"அய்யோ, கொட்டுதே!
தேனீ உசுரோடதான் இருக்கு உள்ள!"
நான் உப்புநீர்ப் புட்டியை
மூடி
மறுபடி மூடினேன்.

வலியை அளப்பது வேறொருத்தி.
பத்து சென்டிமீட்டர் கோடு, அதில் ஒரு கீறல்.
அந்த எண் என்னிடம் வராது.
எனக்கு வந்தது ஓசை மட்டும்.
முதல் வாரம் ஊன்றுகோல் தரையைக் குத்தும் ஓசை.
நான்காம் வாரம் குத்துக்குக் குத்து இடைவெளி.
பன்னிரண்டாம் ஊசி முடிந்த மாலை
குடை வாளியில் கோலை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

உப்பிட்டவரை நினைக்கச் சொல்வார்கள்.
என்னை எப்படி நினைப்பாள்?
அவள் பார்த்த முகங்களில் என் முகம் இல்லை.

பதினேழாம் எண் டாக்சிக்காரர், கூக்.
அவருக்கு கா.
இரண்டாம் முறையே ஐந்நூறு வோன் காசளவு சிவந்து தடித்தது.
"எனக்கு அசல் கிடைச்சிடுச்சு" என்று சிரித்தாராம்.
ஒன்பதாம் முறை வரவில்லை.
தொலைபேசியில்:
"சொறியறதுக்கு ஒரு கை போனா
ஸ்டியரிங்குக்கு?"
முழங்கால் எப்படி என்று கேட்டார்கள்.
"அதையா? அதை மறந்தே போயிட்டேன்."
அந்தக் கட்டம் அட்டவணையில் வெறுமையாகவே கிடக்கிறது.

நவம்பரில் கட்டவிழ்த்தோம்.
கா முந்தியது, ஆறு மில்லிமீட்டர்.
தற்செயலாக இருக்கக்கூடிய வாய்ப்பு நூற்றுக்கு எட்டு.
ஐந்துக்குக் கீழே என்று
ஆரம்பத்திலேயே கையெழுத்திட்டிருந்தோம்.
பணம் கொடுத்த நிறுவனத்து ஆள்
அரிப்பை வைத்து ஊகித்தவர்களை நீக்கிப் பார்க்கலாமே என்றார்.
புள்ளியியல் பார்க்கும் சன் ஹா-யோங் தலை நிமிரவில்லை:
"எழுதியாயிற்று."
வைத்தியர் போங் ஓர் ஆரஞ்சை
சுளை சுளையாக, நார் நாராக உரித்துக்கொண்டிருந்தார்.
உண்ணவில்லை.

யாருக்கு எது என்று கடிதங்கள் போயின.
மறுவாரம் ஒரு அழைப்பு.
பின்னணியில் ஓடுகள் சரியும் சத்தம்.
"உப்புத்தண்ணியா?"
ஆமாம் என்றேன். இப்போது நான் பேசலாம்.
"அம்பது வருசமா அதுலதான் நிக்கிறேன்,
அப்பல்லாம் ஏன் கேக்கல?"

பக்கம் முப்பத்தொன்றில் இல்லை.
எந்தப் பக்கத்திலும் இல்லை.
உங்கள் கோல் இங்கேயே இருக்கிறது,
அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

ஓடு சரிந்தது. இன்னொன்று.
"அனுப்பு. கதவுப் பக்கம் சாத்தி வைக்கிறேன்.
தெரிஞ்சப்புறம் எப்படி நடக்கிறேன்னு
பாக்கணும் இல்ல?"

காகிதத்தில் சுற்றினேன்.
ஒட்டுவதற்குக் கைக்கு அகப்பட்டது
நீலப் பட்டைதான்.