ஐம்பது கேபிக்குள்

தங்கச்சிமடம் மெயின் ரோட்டில் என் கடை:
இ-சேவை, ஜெராக்ஸ், லேமினேஷன்.
ஷட்டரைத் தூக்குமுன்பே படியில் நின்றாள் ரூபிஸ்டா.
பாலித்தீன் பைக்குள் ஒரு சிடி.
அதன் முதுகில் மார்க்கரில் எழுதிய 'சந்தியாகு பாஸ்போர்ட்'
'பாஸ்' வரைக்கும் மிச்சம் இருந்தது.

ஒரு விசைப்படகு, ஒன்பது பேர்.
கோட்டுக்கு இந்தப் பக்கம் என்கிறார்கள் இவர்கள்,
அந்தப் பக்கம் என்கிறார்கள் அவர்கள்.
தண்ணீரில் கோடு நிற்காது, ஆள் நிற்கிறான்
யாழ்ப்பாணத்துச் சிறையில், பன்னிரண்டாம் நாள்.
மனுவோடு முகம் வேண்டுமாம்:
பின்னணி நீலம், காது இரண்டும் தெரிய,
ஜேபெக் மட்டும்,
ஐம்பது கேபிக்குள்.

'போன்ல ஒரு போட்டோ இல்லையாக்கா?'
'போனு அவருகிட்ட. அவரு அவங்ககிட்ட.'
ஆதாரில் இருக்கும் கறுப்புக் கட்டம் யாரென்று
ஆதாருக்கே சந்தேகம்.

சிடி போட வாயுள்ள கணினி ஒன்றே ஒன்று,
மேசைக்கடியில் கிடந்தது.
விசிறியில் படிந்த உப்பை பிரஷ்ஷால் சுரண்டி எழுப்பினேன்.
உள்ளே ஒரே கோப்பு. அதன் வால் 'மிக்ஸ்'.
மிக்சர் தெரியும், மிக்ஸி தெரியும்,
இது என்ன மிக்ஸ் என்று எந்த மென்பொருளும் கைவிரித்தது.
பெயரை மாற்றி ஜேபெக் என்று வால் ஒட்டினேன்.
நெத்திலிக்கு வஞ்சிரம் என்று பேர் வைத்தால்
தராசு ஏமாறுமா?
'கோப்பு பழுதடைந்துள்ளது' என்றது திரை.
'பழுதெல்லாம் இல்ல,' என்றாள் அவள், கோபமாக,
'பத்திரமாத்தான் வச்சிருந்தேன்.'

படம் எடுத்த ஸ்டுடியோ இப்போது செருப்புக் கடை.
எடுத்தவர் திருப்பூரில், எண் உபயோகத்தில் இல்லை.
எந்த ஊர்க்காரனோ, எவன் பெற்ற பிள்ளையோ,
சும்மா எழுதிச் சும்மா விட்டிருந்த
இரண்டு எம்பி கன்வெர்ட்டர் ஒன்றை
மதியம் ஒரு மணிக்குப் பிடித்தேன்.
பாம்பன் பக்கம் ரயில் கூவியது.
கரண்ட் போய்விடக் கூடாதே என்றுதான் நினைத்தேன்.

முதலில் வந்தது நீலம், வெறும் நீலம்.
அதன் மேல் ஒரு கோட்டும் டையும்,
கழுத்து இல்லாமல் மிதந்தன.
பிறகு சந்தியாகு:
பதினோரு வருஷம் இளைய மீசை,
எண்ணெய் வழிய வாரிய தலை.
ரூபிஸ்டா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
அடியில் இன்னும் ஓர் அடுக்கு இருந்தது,
விரல் அதுவாகவே தட்டிவிட்டது.
வெட்டப்படாத அசல். வெளிர் மஞ்சள் சட்டை, சுவரில் ஈரம்,
அவன் தோளில் ஒரு கை.
கைக்குச் சொந்தக்காரி படத்துக்கு வெளியே.
இரண்டு சிவப்புக் கண்ணாடி வளையல்,
கட்டைவிரலுக்குக் கீழே ஒரு தழும்பு.

அவள் தன் கையைப் பார்க்கவில்லை.
பார்க்கத் தேவை இருக்கவில்லை போல.
'அவங்க அக்காவா இருக்கும்,' என்றேன், எனக்குத் தெரியாத அக்காவை.
'அக்கா கிடையாது அவருக்கு.'

ஜெராக்ஸ் மெஷின் தானாக ஒருமுறை உறுமி அடங்கியது.

'அரசாங்கத்துக்கு எது வேணும்?'
'மேல இருக்கிறதுதான்.
ஜேபெக்ல அடுக்கு நிக்காது அக்கா. எல்லாம் ஒட்டி ஒண்ணாயிரும்.'
'ஒட்டுங்க.'

ஒட்டினேன். நாற்பத்தேழு கேபி.
கோட், டை, நீலம், காது இரண்டு.
பச்சை டிக் விழுந்தது, ஒப்புகை எண் வந்தது.
இனி எந்த ஊர்த் திரையும் அவனைத் திறக்கும்.

முப்பது ரூபாய் கேட்டேன். ஐம்பதைக் கொடுத்தாள்.
மீதியை வாங்காமல் சிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
தூக்கிப் போட்டுவிடவா என்று கேட்க வாயெடுத்தேன்,
அதற்குள் அவள் கேட்டாள்:

'இதுக்கு ஒரு கவர் இருக்குமா?
பையில கெடந்தா
கீறல் விழுந்துரும்.'