காரணம் கேட்டு வந்த கடிதத்துக்கு

என்சிக் ஜம்ரி அவர்களுக்கு,
கடிதம் கிடைத்தது.
பதினோராம் தேதி, விடியற்காலை மூன்று நாற்பதுக்கு
12,480 கிலோ என்று திரை காட்டியதை
14,280 என்று எழுதிய கை
என் கைதான்.

காரணம் எழுத ஒரு பெட்டி விட்டிருக்கிறீர்கள்.
மூன்று கோடு.
'கவனக்குறைவு' என்றால் முதல் கோட்டிலேயே முடிந்துவிடும்.
எழுதியும் பார்த்தேன்.
என் பெயருக்குப் பக்கத்தில் அது
வேறு யாருடைய பல்லையோ
வாயில் வைத்ததுபோல் இருந்தது.
அழித்துவிட்டேன்.

அச்சு இயந்திரம் கெட்டு அன்றைக்கு ஒன்பது நாள்.
திரையைப் பார்க்க வேண்டும்,
தலையில் வாங்க வேண்டும்,
தாளில் இறக்க வேண்டும்.
திரைக்கும் தாளுக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை.
அந்த ஒரு முழத்தில்தான் நான் இருக்கிறேன்.

பாகாவில் அந்த வாரம் காற்றுக் குறியீடு
நூற்று எழுபதைத் தாண்டியது.
ஆலை வாசல் விளக்கு
புகைக்குள் முட்டைக் கருவாய் மிதந்தது.
பள்ளிக்கூடத்தை மூடினார்கள்.
ஆலையை மூடவில்லை. பழம் காத்திருக்காது, தெரியும்.
பள்ளி மூடினால் என் இரண்டும் வீட்டில்.
அதுகள் வீட்டில் இருந்தால் எனக்குப் பகல் இல்லை.
இருந்தாலும் என்ன,
தகரக் கூரைக்குக் கீழே பகல் தூக்கம்
வாணலியில் விழுந்த அப்பளம்.
சன்னலைத் திறந்தால் புகை,
மூடினால் வேக்காடு,
பாதி திறந்தால்
கழிவுக் குளத்து நாற்றம் மட்டும்
சரியாக நுழைந்துவிடும்.

மூன்றாவது வாரம் இரவு வேலை.
மூன்று மணிக்குமேல் நெற்றிக்குப் பின்னால்
யாரோ ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு
அறை அறையாய்ப் போவார்கள்.
பேசுவேன், சிரிப்பேன், கையெழுத்துப் போடுவேன்.
உள்ளே ஆள் இருக்க மாட்டாள்.

இதற்கெல்லாம் கடிதம் வரவில்லை.
சரி, இன்னொன்று. இதை இதுவரை
வீட்டில்கூடச் சொல்லவில்லை.
பத்தாம் தேதி காலை கிளினிக்கில்
மிஸ்ஸி விரலைக் குத்திப் பார்த்து,
ஒரு நிமிஷம் பேசாமல் இருந்து,
பதினான்கு புள்ளி இரண்டு என்றாள்.
மருந்தை ஒழுங்காகப் போடுகிறாயா என்றாள்.
போடுகிறேன் என்றேன்.

பதினான்கு, இரண்டு.
அதை வைக்க எனக்கு இடமில்லை.
சோறு வடிக்கும்போது இருந்தது.
சீருடைப் பொத்தான் போடும்போது இருந்தது.
பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கிலோவோடு
தேவேந்திரன் லாரி பாலத்தில் ஏறியபோது
அது தானாக
தாளில் இறங்கிவிட்டது.
லாரியை அல்ல, என்சிக்,
அன்றைக்கு நான் என்னையே எடை போட்டிருக்கிறேன்.

மார்ச்சில் எடைப்பாலம்
எண்பது கிலோ கூட்டிக் காட்டியது, நினைவிருக்கும்.
அதனிடம் யாரும் காரணம் கேட்கவில்லை.
சிரம்பானிலிருந்து ஆள் வந்தார்,
இரும்புக் கட்டிகளை ஏற்றினார், இறக்கினார்,
அடியில் குனிந்து விளக்கடித்தார்.
சேறு. உதிரிப் பழம்.
செத்துக் காய்ந்த ஓர் உடும்பு.
வாரிப் போட்டதும் பாலம் சொன்னது நிஜமாயிற்று.
இரும்புக்கே அடியில் பார்க்க வேண்டியிருக்கிறது.

தப்பைப் பிடித்தது கணினி இல்லை, தேவேந்திரன்.
டன்னுக்குத்தான் அவனுக்குக் கூலி.
வாயை மூடியிருந்தால் லாபம்.
ரசீதைத் திருப்பிக்கொண்டு வந்து,
கண்ணெல்லாம் ரத்தமாய்,
"அக்கா, இவ்வளவு நான் ஏத்தலையே" என்றான்.
அவனுக்கும் அது இரண்டாவது நடை.
அவன் எப்படி விழித்திருந்தான் என்று
எனக்குத் தெரியாது.
அதையும் ஒருநாள் யாராவது கேட்டு எழுதலாம்.

பெட்டியில் இப்போது
'பின்பக்கம் பார்க்க' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.
எச்சரிக்கை கொடுப்பதானால் கொடுங்கள்.
அச்சு இயந்திரத்தையும் பாருங்கள்.

இன்று தேதி இருபத்து நான்கு.
இரண்டு முன்னால், நான்கு பின்னால்.
விரல் வைத்துப் பார்த்துத்தான்
எழுதினேன்.

இப்படிக்கு,
புஷ்பலீலா,
எடைப்பாலம், இரவு.