செதில்

தன் சட்டியைத் தானே கொண்டு வந்திருந்தாள்.
கத்தியையும்.
செய்தித்தாளில் சுற்றியிருந்தது;
அதன் எழுத்து வலமிருந்து இடமாக ஓடியது,
நான் ஓதிய எழுத்தைப் போல,
ஆனால் அது அல்ல.

உப்புவெளி. ஆறு அறை விடுதி.
வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத முதலாளி தர்மகுலசிங்கம்
கொப்பியில் எழுதினார்:
நாலாம் அறை, அவிகாயில், இஸ்ரேல்.
என்னைப் பார்த்தார்.
நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

குசினித் தொலைக்காட்சியில் அப்போதும்
வெறுஞ்சட்டி ஏந்திய பிள்ளைகளின் வரிசை.
சத்தத்தை நான் குறைக்கவில்லை. வேண்டுமென்றுதான்.
அவளும் பார்த்தாள்.
பிறகு, மீனுக்குச் செதில் உண்டா என்று கேட்டாள்.

சுறா வறை ஆகாது.
திருக்கை ஆகாது. கணவாய், நண்டு,
விடியற்காலை கொட்பேயில் துடிக்கத் துடிக்க வாங்கிய இறால்,
ஒன்றும் ஆகாது.
கடல் முழுக்க எனக்கு ஹலால்.
அதே கடலில் அவள் வீசுவது
சின்னஞ்சிறு வலை.

விளைமீன் எடுத்தேன்.
சுரண்டிக் கழுவித் தந்தால் வாங்கமாட்டாளாம்.
வாலோரம் விரலளவு செதிலை விடு,
கண்ணால் காண வேண்டும் என்றாள்.
கோபம் வந்தது.
கொழும்புக் கடையில் முத்திரை தேடி
பிஸ்கட் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற
என் கையும் ஞாபகம் வந்தது.

செவ்வாய் கிண்ணியாவிலிருந்து மாட்டிறைச்சி.
பிஸ்மி சொல்லி, கூர்க்கத்தி ஒரே இழுப்பு,
உயிரோடு ஓடிய இரத்தம் உயிரோடு போக விட்டு.
தங்கள் ஆட்களும் ஏறக்குறைய அப்படித்தான் என்றாள்.
ஆனாலும் தட்டைத் தள்ளிவைத்தாள்.
அவள் ஆட்கள் அறுத்தால் எனக்கு ஆகும்.
நான் அறுத்தால் அவளுக்கு ஆகாது.
ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு;
அதில் உள்ளே நிற்பது யார், வெளியே யார்,
இரவு முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை.

ஏன் இதெல்லாம், உடம்புக்கா என்று கேட்டேன்.
இல்லை. தெரியாது. தெரியாமலே கேட்டு நடப்பது என்றாள்.
பன்றியில் புழு என்றார் சின்ன வயதில் எங்கள் மௌலவி.
புழுதான் காரணமென்றால் டாக்டர் போதுமே,
அல்லாஹ் எதற்கு என்று
கேட்கப் பயந்து தலையாட்டியவன் நான்.

இரண்டாயிரத்து ஆறு ஆவணி.
மூதூரை விட்டு நடந்தோம்.
கந்தளாய்ப் பள்ளிக்கூடத்தில் யாரோ
தகரக் குவளையில் இறைச்சிக் குழம்பு தந்தார்கள்.
எது அறுபட்டது, யார் அறுத்தது,
உம்மா கேட்கவில்லை. நான் கேட்கவில்லை.
தம்பி தன்னுடையதை நக்கி முடித்து
என் குவளையைப் பார்த்தான்.
உயிர் போகிற நேரத்தில் விலக்கு விலகி நிற்கும்;
எங்கள் சட்டம் அது.
அவளிடம் சொன்னேன். தங்களுடையதும் அதுதான் என்றாள்.

சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பினாள்.
எது என்று, யார் என்று கேட்காத பசி
அங்கே இன்னும் வரிசையில் நின்றது.
வெகுநேரம் திரும்பியே இருந்தாள்.
மன்னிப்பு என்று நான் அதை எடுக்கவில்லை.
வேறு பெயரும் வைக்கவில்லை.
மீன் ஆறிப்போனது.

கடைசிக் காலை முட்டை கேட்டாள்.
ஒவ்வொன்றாய்க் கண்ணாடிக் குவளையில் உடைத்து
யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.
மூன்றாவதில் கடுகளவு சிவப்பு.
குனிந்து பார்த்தேன்.
இருபது வருடம் முட்டை உடைத்தவன்,
அப்படி ஒன்றை அன்றுதான் கண்டேன்.
அவள் கொட்டிவிட்டாள்.

போய் எட்டு மாதம்.
அவள் நாட்டின் மேல் எனக்குள்ள கோபம் அப்படியே இருக்கிறது.
முட்டையை நேரே சட்டியில் உடைக்க மட்டும்
கை வருவதில்லை.
குவளையில் ஊற்றி, யன்னலுக்குப் பிடித்து,
சில நாள் ஒன்றைக் கொட்டுகிறேன்.
நாற்பது ரூபாய் என்று முணுமுணுக்கிறார் தர்மகுலசிங்கம்.

அவருடைய வெள்ளிக்கிழமைச் சட்டி
மேல்தட்டில் தனியாகக் கவிழ்ந்திருக்கிறது.
அதில் மீன் மணம் படாமல்
இத்தனை காலம் கழுவி வைத்தவன் நான்தான்.
ஏன் என்று அவரிடம் கேட்டதில்லை.